பபெடான்: ஒரு ரங்கூன் வட்டத்தின் வரலாறும் அதன் தலைக்கணக்கும்

பர்மாவின் யாங்கோன் மாநகரில், அதாவது நம் முன்னோர் ரங்கூன் என்றே அறிந்திருந்த நகரில், பபெடான் என்றொரு வட்டம் உண்டு. 2014ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்கின்படி அங்கே வாழ்ந்தோர் 33,336 பேர். இவ்வெண்ணின் அளவை உணர்வதற்கு நாம் இருந்தெழுதும் மாங்காட்டையே ஒப்பாகக் கொள்ளலாம். பூவிருந்தவல்லிக்கும் குன்றத்தூருக்கும் இடைப்பட்ட இவ்வூரின் மக்கள்தொகை 2011ஆம் ஆண்டுக் கணக்கில் 38 ஆயிரத்தைச் சற்றே தாண்டியது. 2021இல் இது நகராட்சியாக உயர்த்தப்பட்டது. ஏறத்தாழ இதே அளவு மக்கள் பபெடானில் ஒரு சதுர கிலோமீட்டருக்கும் குறைந்த நிலத்தில் நெருங்கி வாழ்கின்றனர். தெற்கே ரங்கூன் ஆறு, கிழக்கே சூலே பகோடா சாலை. இவற்றுக்கு உட்பட்ட சில தெருக்களுக்குள் சூரத்தி முஸ்லிம்களின் ஜும்ஆப் பள்ளி, பாரசீக வழிவந்த ஷீஆக்களின் மொகல் பள்ளிவாசல், தமிழ் முஸ்லிம்களின் சோழியா பள்ளிவாசல், 26ஆம் தெருவில் யூதர்களின் தொழுகைக்கூடம், தமிழர் 1871இல் எழுப்பிய காளி கோயில் ஆகிய அனைத்தும் அடங்கியிருக்கின்றன.

பர்மாவில் வட்டம் என்பது ஏறக்குறைய நம் தாலுகாவைப் போன்ற ஆட்சிப் பிரிவு. நாடு முழுவதும் 330 வட்டங்கள் உள்ளன. மலைநாட்டில் ஒரு வட்டம் நம் மாவட்டத்தளவு விரிந்திருக்கும்; ரங்கூனின் மையத்திலோ ஒரு பேட்டையளவே இருக்கும். ஒவ்வொரு வட்டத்துக்கும் 2014ஆம் ஆண்டுக் கணக்கின் அடிப்படையில் தனி அறிக்கை வெளியிடப்பட்டது. ஆண்கள் எத்தனை, பெண்கள் எத்தனை, எத்தனை வீடுகளில் மின்விளக்கு எரிகிறது, எத்தனை வீடுகளில் கைப்பேசி இருக்கிறது என்பனவெல்லாம் அவற்றில் உண்டு. ஆனால் பபெடானின் தெருக்களில் நடப்பவர் எவருக்கும் முதலில் எழும் வினாவுக்கு, அதாவது இம்மக்கள் யாவர், எங்கிருந்து வந்தோர் என்ற வினாவுக்கு, அங்கே விடையில்லை. இந்த விடையின்மை தற்செயலானதன்று. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இவ்வட்டத்து மக்கள் எந்தெந்தத் தலைப்பின்கீழ் எண்ணப்பட்டனர், எந்தத் தலைப்பு எப்போது நீக்கப்பட்டது என்பதைத் தொடர்ந்து பார்த்தால், அவர்களின் வரலாற்றையே படித்தவர்களாவோம்.

பபெடான் என்ற பெயருக்குக் கொல்லர் வரிசை என்பது பொருள். இன்று நாம் காணும் தெருக்கள் 1852ஆம் ஆண்டுப் போருக்குப் பின் உருவானவை. கீழ்ப் பர்மாவைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், சூலே பகோடாவை நடுப்புள்ளியாக வைத்துச் சதுரங்கக் கட்டம்போல் நகரைப் புதிதாக வரைந்தனர். சிங்கப்பூரில் பணியாற்றிய அனுபவமுடைய மருத்துவர் மான்ட்கோமரி திட்டத்தைத் தொடங்கினார். வங்காளப் பொறியாளர் படையின் ஃபிரேசர் அதை நிறைவேற்றினார். குறுந்தெருக்களுக்கு எண்களே பெயராயின. அகன்ற தெருக்களுக்கு ஆளுநர்களின் பெயர்களும், அங்கே குடியேறியோரின் பெயர்களும் இடப்பட்டன. அவ்வாறு பெயர்பெற்றதே மொகல் தெரு. நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் வட்டிக்கடைகள் நிறைந்திருந்த காரணத்தால் தமிழகத்துச் சிற்றூர்களிலும் அறியப்பட்டிருந்த இத்தெரு, விடுதலைக்குப் பின் ஷ்வேபொந்தா தெரு ஆயிற்று. டல்ஹௌசி தெரு மஹாபந்தூலா சாலையாகவும், ஃபிரேசர் தெரு அனோரதா சாலையாகவும் மாறின. 1926இல் கட்டப்பட்ட ஸ்காட் சந்தை இன்று போஜோக் ஆங் சான் சந்தை.

நகரை வரைந்தவர் ஆங்கிலேயர் என்பதால், முஸ்லிம்களையும் அவர்களே கொண்டுவந்தனர் என்ற எண்ணம் பர்மிய அரசியலில் வேரூன்றிவிட்டது. வரலாறு இதற்கு இடந்தரவில்லை. அலாவுங்பாயா மன்னர் 1755இல் ரங்கூனுக்கு அப்பெயரைச் சூட்டினார். அதன்பின் நாற்பது ஆண்டுகளில், 1795இல், ஆங்கிலத் தூதராக அங்கு வந்த மைக்கேல் சைம்ஸ், அந்நகரில் முஸ்லிம் வணிகர் வாழ்ந்ததையும், பாங்கொலி எழுந்ததையும், பல சமயத்தாரும் தத்தம் வழிபாட்டை இடையூறின்றி நடத்தியதையும் தம் நூலில் பதிவுசெய்துள்ளார். அதற்கும் முன்னர், பதினேழாம் நூற்றாண்டிலேயே, மசூலிப்பட்டினம், பரங்கிப்பேட்டை, நாகூர் ஆகிய துறைகளின் கப்பல்கள் பெகு, மெர்குய் கரைகளுக்குத் துணி கொண்டுசென்றன. தமிழரின் தொடர்போ இன்னும் பழையது. பகானில் கிடைத்த பதின்மூன்றாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு அதற்குச் சான்று. இங்கே ஆண்டுகளை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1823 என்னும் ஓராண்டு பிற்காலத்தில் பல குடும்பங்களின் தலைவிதியை முடிவுசெய்தது. அதைப் பின்னர்க் காண்போம்.

இனிப் பெயருக்கு வருவோம். நாகூரிலோ அதிராம்பட்டினத்திலோ தொண்டியிலோ ஒருவர் மரைக்காயராக, இராவுத்தராக, லெப்பையாக அறியப்பட்டிருப்பார். கப்பலேறி ரங்கூனில் இறங்கியதும் அவர் சோழியா ஆகிவிடுவார். சோழ நாட்டார் என்னும் பொருளிலிருந்து வந்ததாகக் கருதப்படும் இச்சொல், பினாங்கிலும் சிங்கப்பூரிலும் போலவே பர்மாவிலும் தமிழ் முஸ்லிம்களுக்குரிய பொதுப்பெயராயிற்று. ஊரில் ஒருவரையொருவர் வேறுபடுத்திய பெயர்கள் அயலில் மங்கி, அயலார் இட்ட ஒரே பெயரின்கீழ் அவர்கள் ஒரு ஜமாஅத்தாக இணைந்தனர். அந்த ஜமாஅத்தின் பெயரைத்தான் போ சுன் பாட் தெருவிலுள்ள பள்ளிவாசல் இன்றும் தாங்கி நிற்கிறது. சூரத்தி, மொகல், வங்காளி, சோழியா எனப் பள்ளிவாசல்கள் புறப்பட்ட துறைமுகங்களின் பெயரால் பிரிந்திருப்பதைக் கண்டு சிலர் முகஞ்சுளிப்பதுண்டு. நாம் அதை வேறு விதமாகவே பார்க்கிறோம். வெள்ளிக்கிழமைப் பயான் எம்மொழியில் நிகழ்கிறது, அநாதையாக இறந்தவரின் ஜனாஸாவை யார் பொறுப்பேற்பது, ஊருக்குச் செய்தி யார் அனுப்புவது என்பன, குடும்பத்தைக் கடலுக்கு அப்பால் விட்டுவந்த ஆண்களுக்கு அன்றாடக் கேள்விகளாக இருந்தன.

1872இல் 98 ஆயிரமாக இருந்த ரங்கூன் நகரின் மக்கள்தொகை, 1931இல் 4,00,415 ஆயிற்று. அவர்களுள் 2,12,929 பேர் இந்தியர்; அதாவது நூற்றுக்கு 53 பேர். பர்மியரின் தலைநகரில் பர்மியர் சிறுபான்மையினராக இருந்தனர். 1920களில் ஆண்டுக்கு மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் கப்பலில் வந்திறங்கினர்; பெரும்பாலோர் சில ஆண்டுகளில் திரும்பினர். வந்தோர் ஆண்கள், தங்கியோரும் ஆண்களே. பர்மா முழுவதிலும் அப்போதிருந்த இந்தியர் பத்து இலட்சத்துக்குச் சற்று மேல். முஸ்லிம்கள் அனைவரும் சேர்ந்து ஏறத்தாழ 5 இலட்சத்து 85 ஆயிரம்.

இவ்விரு எண்களுக்கும் இடையில்தான் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. எல்லா முஸ்லிம்களும் இந்தியராக எண்ணப்படவில்லை. இந்திய முஸ்லிம் தந்தைக்கும் பர்மியத் தாய்க்கும் பிறந்தோரும் அவர்தம் வழியினரும் ஜெர்பாதி என்ற தனித் தலைப்பின்கீழ் எண்ணப்பட்டனர். 1931இல் அவர்கள் ஒரு இலட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர். ஜெர்பாத் என்பது பாரசீகச் சொல். காற்றின் கீழ்ப்புறம் என்று பொருள். பருவக்காற்றோடு சென்றடையும் கீழ்த்திசை நாடுகளை அரபு, பாரசீக மாலுமிகள் அவ்வாறு அழைத்தனர். மாலுமிகள் ஒரு திசைக்கு வைத்த பெயர், கணக்கெடுப்பாளர் ஏட்டில் ஓர் இனத்தின் பெயராகிவிட்டது. அப்பெயரைச் சுமந்தோர் அதை விரும்பவில்லை. தாங்கள் பர்மிய முஸ்லிம்கள் என்றே அழைக்கப்பட வேண்டும் எனக் கேட்டுவந்தனர். அவர்களின் மொழி பர்மியம், உடை பர்மிய உடை, தாய்வழி உறவினர் பௌத்தர். ஆக, தகப்பன் நாகூரில் மரைக்காயர், ரங்கூனில் சோழியா. அவர் மகன் ஜெர்பாதி. பேரன் தன்னைப் பர்மிய முஸ்லிம் என்கிறான். ஒரே குடும்பம், மூன்று தலைமுறை, நான்கு பெயர்கள்! கணக்கேட்டை மட்டும் நோக்குவோருக்குச் சோழியாக்கள் குறைந்து ஜெர்பாதிகள் பெருகியதாகத் தோன்றும். யாரும் எங்கும் போகவில்லை, தலைப்புதான் மாறியது.

பர்மாவில் ஆட்சிப் பணியாற்றிய ஃபர்னிவால், பல இனத்தார் சந்தையில் மட்டும் சந்தித்து வாழ்வில் கலவாதிருந்த சமூகத்தைப் பன்மைச் சமூகம் என்று விவரித்தார். அக்கோட்பாடு புகழ்பெற்றது. எனினும் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட ஜெர்பாதிகள் அதே நாட்டில் இருந்ததை நோக்க, கலவாமை அவர் கருதிய அளவு முழுமையாக இருந்ததென நமக்குத் தோன்றவில்லை. கலந்ததால்தான் பூசலும் எழுந்தது. 1938இல் மூண்ட கலவரத்தின்போது மேடைகளில் முழங்கப்பட்டவற்றுள் தலையாயது முஸ்லிம் ஆண்கள் பௌத்தப் பெண்களை மணப்பது பற்றிய குற்றச்சாட்டே. முஸ்லிம் ஒருவர் 1931இல் எழுதிய ஒரு நூலின் மறுபதிப்பைக் காரணங்காட்டி, 1938 ஜூலை 26 அன்று ஷ்வேடகோன் பகோடாவில் கண்டனக் கூட்டம் கூடியது. அங்கிருந்து ஊர்வலம் சூரத்தி பஜாரை நோக்கி இறங்கியது. பொருளாதாரச் சீர்குலைவு, நிலமிழந்த உழவரின் கோபம் ஆகியனவே ஆழ்ந்த காரணங்கள் என்று விசாரணைக் குழு கண்டது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலம் அப்போது செட்டியார்களின் கைக்குச் சென்றிருந்தது. கடனுக்கு நிலத்தை எழுதிக்கொண்டவர் வேறு. கடையும் பள்ளியும் எரிக்கப்பட்டவர் வேறு. அடுத்த ஆண்டே பௌத்தப் பெண்களின் திருமணம், வாரிசுரிமை பற்றிய தனிச் சட்டம் இயற்றப்பட்டது.

பிறகு போர். 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானியக் குண்டுகள் ரங்கூனில் விழுந்தன. 1942 மார்ச்சில் நகரம் வீழ்ந்தது. நான்கு முதல் ஐந்து இலட்சம் வரையிலான இந்தியர் வெளியேறினர் என்பது பொதுவான மதிப்பீடு. கப்பலில் இடம் கிடைத்தோர் சிலரே. மற்றவர் அரக்கான் வழியாகவும், தமு, மோரே வழியாக இம்பாலுக்கும் நடந்தனர். நோயிலும் பசியிலும் பல்லாயிரவர் வழியிலேயே மடிந்தனர். இந்நடைப்பயணத்தைப் பற்றி நிறையவே எழுதப்பட்டுள்ளது. குறைவாகப் பேசப்படுவது, போகாமல் தங்கியோரைப் பற்றியது. அவர்களுள் ஒருவராகக் கரீம் கனி என்ற தமிழ் முஸ்லிமைக் குறிப்பிடலாம். டாக்டர் பா மாவின் அமைச்சரவைக் காலத்தில் நாடாளுமன்றச் செயலாளராக இருந்தவர் அவர். 1943 அக்டோபர் 21 அன்று அறிவிக்கப்பட்ட சுதந்திர இந்தியத் தற்காலிக அரசின் ஆலோசகர்களுள் ஒருவரும் ஆனார். போருக்குப் பின் சிங்கப்பூரில் பத்திரிகையாளராக விளங்கினார். பர்மிய அரசியலிலும் இந்திய விடுதலைப் போரிலும் ஒரே மூச்சில் ஈடுபட்ட இத்தகையவரை எந்தத் தலைப்பின்கீழ் எண்ணுவது?

1948இல் விடுதலை பெற்ற பர்மா, வந்தேறியவருக்குக் கதவை முற்றாக அடைக்கவில்லை. ஆங்கிலேய ஆட்சிக்குட்பட்ட நாடுகளில் பிறந்து, 1942 அல்லது 1948க்கு முந்திய பத்தாண்டுகளில் எட்டாண்டுகள் பர்மாவில் வாழ்ந்தவர் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ளலாம் என்று அரசியல் சட்டம் இடமளித்தது. பலர் விண்ணப்பிக்கவில்லை. படிவத்தை நிரப்பத் தெரியாமை ஒரு காரணம். தாயகத்தில் மனைவி மக்கள் இருக்க, அந்நியக் குடிமகனாவதா என்ற தயக்கம் மற்றொரு காரணம். அந்தத் தயக்கத்தின் விலை 1962இல் தெரிந்தது. அவ்வாண்டு மார்ச் 2 அன்று ஆட்சியைக் கைப்பற்றிய தளபதி நே வின், 1964இல் கடைகளை நாட்டுடைமையாக்கினார். அதே ஆண்டு மே 17 அன்று ஐம்பது, நூறு சாட் தாள்கள் செல்லாதவையாயின. மொகல் தெருவிலும் சுற்றிலும் மூன்று தலைமுறையாக நடந்த வணிகம் சில வாரங்களில் முடிந்தது. தொடர்ந்து தனியார் பள்ளிக்கூடங்களும் அரசுடைமையாகவே, தமிழ் எழுத்தைக் கற்பிக்கும் வழியும் அடைபட்டது. வெளியேறிய இந்தியர் ஏறத்தாழ மூன்று இலட்சம். தமிழகத்துக்கு வந்தோர் மட்டும் ஓர் இலட்சத்துக்கும் மேல். சென்னையில் வியாசர்பாடி முதலிய இடங்களில் அவர்களுக்குக் குடியிருப்புகள் அமைந்தன. 1969இல் கடற்கரை நிலையத்துக்கு எதிரே பர்மா பஜார் உருவானது. பர்மாவில் காலா என்று அழைக்கப்பட்டவர் இங்கே பர்மா அகதி என்று அழைக்கப்பட்டார்.

பபெடானில் எஞ்சியோர் நிலை 1982ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் வரையறுக்கப்பட்டது. 1823க்கு முன், அதாவது முதல் ஆங்கிலப் போருக்கு முந்திய ஆண்டுக்கு முன், நாட்டில் நிலைத்திருந்த இனங்களே பிறப்புரிமைக் குடிமக்கள். பின்னர் அரசு கையாண்ட பட்டியலில் இத்தகைய இனங்கள் 135. முஸ்லிம்களை மிகுதியாகக் கொண்டதாக அதிலுள்ளது அரக்கானின் கமான் என்னும் ஒரே இனம். 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி விண்ணப்பித்திருந்தோர் இணைக் குடிமக்கள். ஏனையோர் சான்றுகளைக் காட்டி இயல்புரிமை பெறவேண்டியோர். முறையே இளஞ்சிவப்பு, நீலம், பச்சை நிற அட்டைகள். 1795இலேயே ரங்கூனில் பாங்கொலி கேட்டதற்குச் சைம்ஸ் சாட்சி. எனினும் அந்தப் பாங்கைக் கேட்டுத் தொழப்போனவரின் வழியினர் நாமே என்று இன்று எந்தக் குடும்பம் பத்திரத்தோடு நிறுவ முடியும்? ஒரு சமூகத்தின் தொன்மை வரலாற்று நூலால் நிறுவப்படும். ஒரு மனிதனின் தொன்மைக்கோ பிறப்புச் சான்று கேட்கப்படுகிறது. போரில் எரிந்த நகரில் அது எளிதன்று. ஆனாலும் பபெடானின் முஸ்லிம்களுள் பலர் தலைமுறைகள் கடந்தபின் முழுக் குடிமக்களாகவே உள்ளனர் என்பதையும் சொல்லவேண்டும். அவர்களின் நிலையை ரோஹிங்கியா மக்கள் படும் துயரோடு ஒன்றாக்கிப் பேசுவது இரு சாராருக்குமே நீதியாகாது.

1983க்குப் பின் முப்பத்தோராண்டு கழித்து 2014இல் கணக்கெடுப்பு நடந்தது. நாட்டின் மக்கள்தொகை 5 கோடியே 14 இலட்சம் எனக் காணப்பட்டது. இதில் எண்ணப்படாமல் மதிப்பிடப்பட்டோர் 12 இலட்சம்; பெரும்பகுதியினர் ரோஹிங்கியாக்கள். மத விவரத்தை அரசு உடனே வெளியிடவில்லை. 2016 ஜூலையில் வெளிவந்தபோது, எண்ணப்பட்ட முஸ்லிம்கள் 11,47,495 பேர், நூற்றுக்கு 2.3 என்றும், எண்ணப்படாதோரையும் சேர்த்தால் 4.3 என்றும் அறிவிக்கப்பட்டது. 1983இல் இது 3.9. முஸ்லிம்கள் நாட்டையே விழுங்கிவிடுவர் என்று ஆண்டுக்கணக்காக நடந்த பரப்புரைக்கு இவ்வெண்கள் எவ்வகையிலும் துணைநிற்கவில்லை. இன விவரம் வெளியிடப்படவேயில்லை. 2021 பிப்ரவரியில் இராணுவம் மீண்டும் ஆட்சியைக் கைப்பற்றியபின் 2024 அக்டோபரில் நடந்த கணக்கெடுப்போ, உள்நாட்டுப் போரின் நடுவே, 330 வட்டங்களுள் 145இல் மட்டுமே முழுமையாக நடைபெற்றது.

எண்ணும் தலைப்பு நம் நாட்டுக்கும் அயலானதன்று. ஆங்கிலேயர் காலச் சென்னை மாகாணக் கணக்குகளில் லெப்பை, மரைக்காயர் எனத் தனித்தனியே எண்ணப்பட்டோம். 2007இல் தமிழகத்தில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தபோது அப்பெயர்கள் மீண்டும் பயன்பட்டன. 2027ஐ மையமாகக் கொண்டு அறிவிக்கப்பட்டுள்ள இந்தியக் கணக்கெடுப்பில் சாதியும் கேட்கப்பட இருக்கிறது. ஒரே வகையான கேள்வி ஓரிடத்தில் உரிமையைத் தருகிறது, மற்றோரிடத்தில் உரிமையைப் பறிக்கிறது.

ஆகவே பபெடானின் தமிழ் முஸ்லிம்களைப் பற்றி அறிய விழைவோர் கணக்கேட்டை விட்டு வேறு ஏடுகளைத் தேடவேண்டும். அங்குள்ள வக்ஃபுப் பத்திரங்களும் மையவாடிக் கற்களும் ஒருபுறம். மறுபுறம் நம் கரையிலேயே சான்றுகள் உள்ளன. ரங்கூனில் கடை வைத்திருந்தவர் பலர் ஊருக்கு வந்து மணமுடித்துத் திரும்பினர். சிலர் இரு கரையிலும் குடும்பம் வைத்திருந்தனர். கடற்கரை ஊர்களின் ஜமாஅத் நிக்காஹ் பதிவேட்டில் மணமகனின் தொழிலிடம் ரங்கூன் என்று எழுதப்பட்டிருக்குமாயின், அந்த ஒரு வரி அவர் எந்த ஆண்டில் அங்கிருந்தார் என்பதற்குச் சான்று. சொத்துப் பிரிவினைப் பத்திரம், பணவிடைச் சீட்டு, 1964க்குப் பின் வந்தோரின் கப்பல் பயணச் சீட்டு, அரபுத்தமிழில் எழுதப்பட்ட கடிதம் ஆகியனவும் அவ்வாறே. இவற்றுள் பலவற்றைக் கரையானும் ஈரமும் அரித்து வருகின்றன. அரபுத்தமிழ் வாசிக்கத் தெரிந்த முதியோர் இருக்கும்போதே, ஒவ்வோர் ஊர் ஜமாஅத்தும் பழைய நிக்காஹ் பதிவேடுகளைப் படமெடுத்து, பர்மா தொடர்புடைய வரிகளைத் தனியே பெயர்த்தெழுதி வைத்தல் இயலும். இதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. தேவைப்படுவோர் யாங்கோனிலும் இருக்கலாம், வியாசர்பாடியிலும் இருக்கலாம்.